மேட்டில் போட்ட முள்

பாகூர் ஏரியில் தண்ணி வத்தினால் நடுவில் ஒரு மேடு தெரியும். மொட்டை மேடு. புல்கூட கிடையாது. அதில் ஒரு வெள்ளைப் பறவை ஒக்காரும். கடல்காக்கா என்போம். நானும் என் மச்சினனும் அங்கே மாடு மேய்க்கிறவர்கள்.

போன பங்குனியில் அரியாங்குப்பத்திலிருந்து ஒரு பொண்ணு கேமராவோடு ஸ்கூட்டியில் வந்தது.

"கடல்காக்கா இல்லண்ணா. அது பனிக்காலத்துல வந்துட்டுப் போயிடும். இது ஆத்து ஆலா, இங்கேயே பொறக்கறது. மூக்கு மஞ்சள், கால் செவப்பு, வாலு கத்திரி மாதிரி பிரிஞ்சிருக்கு பாருங்க. இப்ப எல்லா இடத்துலயும் கொறைஞ்சிட்டே வருது."

"ஏன்?"

"வெறுந்தரையில முட்டை போடும். தண்ணி எறங்கினா நாய் நடந்தே போயிடும்."

கேமராவில் காட்டியது. மண் நிறத்தில் மூணு முட்டை. கூடு இல்லை. என் போன் நம்பரை வாங்கிக்கொண்டு போனது.

தண்ணி தினமும் இறங்கியது. ஒரு பக்கம் சேறு காய்ந்து மேட்டுக்கு வழியானது. கரையில் நாய்கள் வந்து நின்றன. குரைக்கவில்லை. சும்மா நின்றன.

"நாத்தங்காலுக்குப் போடறாப்புல முள்ளு போட்டுடலாம் மாமா" என்றான் மச்சினன்.

"உன் பொண்டாட்டி வருசக்கணக்கா கத்தறா, வூட்டுக்கு வேலி போடல. பறவைக்குப் போட வந்துட்ட."

"வூட்டுல அவ இருக்கா. எந்த நாய் வரும்?"

வேலிகாத்தான் முள்ளு வெட்டி இழுத்துப்போய் மேட்டைச் சுத்திப் போட்டோம். நாய் வந்தது. மோந்தது. திரும்பிப் போனது. மச்சினன் சிரித்தான்.

மறுநாள் காலையில் முள்ளின் மேல் காக்கா. அந்த மேட்டில் காக்கா ஒக்காந்து நான் பார்த்ததில்லை. ஒக்கார கொம்பு இருந்ததில்லை. நாங்கள் போட்டுக் கொடுத்திருந்தோம். ஆலா கத்திக்கொண்டு அதன் தலையில் பாய்ந்தது. காக்கா குனிந்தது. நிமிர்ந்து, கீழே முட்டையைப் பார்த்தது.

"எடுத்துடலாமா மாமா?"

"எடுத்தா நாய்."

முள்ளை எடுத்து, சேறு காய்ந்த வழியில் மட்டும் தரையோடு பரப்பினோம். காக்கா பறந்தது. கொஞ்ச நேரத்தில் மேட்டு ஓரமாக இறங்கி, நடந்து வந்தது. இடம் தெரிந்துபோச்சு. இனி அதுக்குக் கொம்பு வேண்டாம். பொழுது சாயும் வரை கல்லு விட்டு விரட்டினோம்.

விடிந்து போனபோது மேட்டில் முட்டை ஓடு கிடந்தது. ஆலா தண்ணிக்கு மேலே சுத்திச் சுத்திக் கத்தியது.

போன் அடித்தது. அந்தப் பொண்ணு.

"முட்டை இருக்காண்ணா?"

"இல்லம்மா."

முள்ளைக் கட்டி வூட்டுக்கு எடுத்து வந்தோம். அடுப்புக்கு ஆச்சு.

இந்த வருசம் மேடு இப்போதுதான் தலை காட்டுது. ஆலா இன்னும் வரல. காக்கா வந்துடுச்சு.