துறைமுகத்து இளவரசிக்கு முடிசூட்டிய ஞாயிறு

ராமநாதபுரம் பேருந்து நிலையத்துக்குப் பக்கத்தில் ஒரு பிரவுசிங் சென்டரில் 2008ல் நான் வேலை பார்த்தேன். என்னோடு இரண்டு பேர். ஒருவன் முதுகுளத்தூர் பக்கத்து மிளகாய் விவசாயி மகன். இன்னொருவன் தங்கச்சிமடத்து மீனவர் வீட்டுப் பிள்ளை. ஞாயிறு மதியம் கடைக்கு விடுமுறை. முதலாளியிடம் கேட்டுக்கொண்டு, மூவரும் ஒரே கம்ப்யூட்டரில் ஒரு சரித்திர விளையாட்டு ஆடுவோம். நான் யோசனை சொல்லலாம். மவுஸ் மட்டும் அவர்கள் கையை விட்டு வராது.

மூன்று மாதமாக வளர்த்த ராஜ்யம் அன்று உடைந்தது. கிழட்டு ராஜா காய்ச்சலில் செத்தார். மூத்த மகனுக்கு முடிசூட்டினோம். இளையவன் பாதிக்கு மேற்பட்ட படையோடு தலைநகரைப் பிடித்துக்கொண்டான். முதல் சண்டையிலேயே மூத்தவன் விழுந்தான். திரையில் கேள்வி வந்து நின்றது: இளையவனிடம் சரணடைவதா, ராஜாவின் மகளை, துறைமுகத்தை ஆண்டுவரும் இளவரசியை, அரசியாக்கிப் போரிடுவதா?

"சரணடைஞ்சிருவோம். பொம்பளப் பிள்ளைய உக்கார வச்சா இருக்குற தளபதியும் ஓடிருவான்," என்றான் முதுகுளத்தூர்க்காரன்.

"அவ ஆளுற ஊருலதான் ஒரு தடவகூட கலகம் வரல," என்றேன்.

"சரி ஆத்தா, படைக்கு எங்க போவ?"

"சண்டையே வேணாம். தலைநகருக்கு நெல்லு எப்படிப் போகுது?"

தங்கச்சிமடத்துக்காரன் நிமிர்ந்தான். "கப்பல்லதான். நம்ம துறைமுகத்தத் தாண்டித்தான் போகணும். ஏலே, இவ சொல்றது சரிடா!"

மூன்று மணிக்குக் கரண்ட் போய்விடும். நாற்பது நிமிடம்தான் இருந்தது. "தள்ளு," என்று மவுஸை வாங்கினேன். இளவரசியை அரசியாக்கியதும் ஒரு தளபதி ஓடியே போனான். முதுகுளத்தூர்க்காரன் என்னைப் பார்த்தான். கப்பல்களைக் கடலில் குறுக்கே நிறுத்தினேன். எதிரிப் படை எங்கள் துறைமுகக் கோட்டை வாசலுக்கு வந்தபோதும் கதவைத் திறக்கவில்லை.

தலைநகரில் நெல் தீர்ந்தது. வீரர்கள் கலையத் தொடங்கினார்கள். தளபதிகள் ஒவ்வொருவராக எங்கள் பக்கம் வந்தார்கள். ஓடிப்போனவன்தான் முதலில் வந்தான். மூன்றடிக்க ஐந்து நிமிடம் இருக்கையில் தலைநகர் வாசல் தானாகத் திறந்தது.

நாங்கள் போட்ட சத்தத்தில் பக்கத்து டீக்கடைக்காரர் ஓடிவந்தார். "என்னாச்சு?"

"உள்நாட்டுப் போருண்ணே! ஜெயிச்சிட்டோம்!" என்றேன்.

அவர் ஒன்றும் புரியாமல் சிரித்துவிட்டுப் போனார். கரண்ட் போவதற்குள் முதுகுளத்தூர்க்காரன் அரசியின் படத்தை பிரிண்ட் எடுத்துச் சுவரில் ஒட்டினான். மறுநாள் பரீட்சை ரிசல்ட் பார்க்க வந்த பெண் அது யாரென்று கேட்டாள். நான் வாயைத் திறப்பதற்குள் அவன் முந்திக்கொண்டான்:

"எங்க ராணி. அவள ராணியாக்குனது இந்தா உக்காந்திருக்குல்ல, இந்தப் பிள்ளதான்."