முகம் சொன்ன விசேஷம்

போன வருஷம் என் முகம் உப்பி, கன்னமெல்லாம் பூசினாற்போல் ஆனது. தோல் மட்டும் வறண்டு செதில் செதிலாக உதிர்ந்தது. நாளும் தள்ளிப்போயிருந்தது. கம்பத்தில் எங்கள் திராட்சைத் தோட்டத்துக்கு வந்த நாத்தனார் என்னையே உற்றுப் பார்த்தாள்.

"மதினி, விசேஷமா?"

கல்யாணமாகிப் பல வருஷமாக அந்தக் கேள்விக்கு ஏங்கியவள் நான். நம்பிவிட்டேன்.

ரத்தப் பரிசோதனையைப் பார்த்த டாக்டரம்மா, "கர்ப்பம் இல்லம்மா, தைராய்டு. கழுத்துல சுரக்குற ஹார்மோன் குறைஞ்சா தோல் காயும், மூஞ்சி வீங்கும், நாளும் தள்ளும்" என்றார்.

அழுதுகொண்டே தோட்டத்துக்குத் திரும்பினேன். அங்கே ஆட்கள் பிஞ்சுக் கொத்துகளை ஹார்மோன் மருந்தில் முக்கிக்கொண்டிருந்தார்கள். ஒரு வாளித் தண்ணீருக்கு ஒரு சிட்டிகைதான். காயின் உருவமே மாறிவிடும். வருஷா வருஷம் பார்ப்பதுதான். என் முகத்தையும் அப்படி ஒரு துளிதான் வரைகிறது என்பது அப்போதுதான் உறைத்தது. அழுகை நின்று, மலைத்துப்போய் நின்றேன்.

தினமும் காலையில் வெறும் வயிற்றில் மாத்திரை போட்டேன். மாதங்கள் போக வீக்கம் வடிந்தது. கண்ணாடிக்குள் என் பழைய முகம் திரும்பி வந்திருந்தது.

பொங்கலுக்கு வந்த நாத்தனார் பதறிவிட்டாள். "என்ன மதினி இப்படி இளைச்சுட்டீக? மேலுக்கு முடியலையா?"

கன்னத்தைத் தொட்டுக் காட்டினேன்.

"இல்ல ஆத்தா, இதான் விசேஷம்."