அண்ணன் காட்டிய விண்வெளிப் படம்

2013 அக்டோபர் 27, ஞாயிறு. ஐந்து மணிக்கு எழுந்தேன். மாட்டுக்கு வைக்கோல் போட்டு, வாய்க்காலில் குளித்து, ஏழு மணிக்கு இட்லி. பத்து மணிக்கு அண்ணன் மோட்டார் சைக்கிளில் வந்தார். தஞ்சாவூரில் விண்வெளிப் படம் ஓடுகிறது, கிளம்பு என்றார். அப்பா இறந்தபின் அவர் என்னைச் சினிமாவுக்கு அழைத்ததே இல்லை. சந்தோஷமாகவே போனேன்.

வாசலில் கொடுத்த 3டி கறுப்புக் கண்ணாடியை மாட்டியதும் அரங்கம் மறைந்தது. பூமி காலுக்குக் கீழே உருண்டது. விண்கலத்துக்கு வெளியே ஒருவன் மிதந்தபடி பழுது பார்த்தான். அவன் மூச்சு என் காதுக்குள் கேட்டது. திரும்பி வந்தால், உள்ளே இருந்தவன் கதவைச் சாத்தியிருக்கிறான். தட்டுகிறான், சத்தமே இல்லை. நானும் மூச்சை அடக்கி நாற்காலிக் கையை இறுகப் பிடித்திருந்தேன்.

அப்போதுதான் அண்ணன் என் பக்கம் சாய்ந்தார்.

"தம்பி, கேஸ் குழாய் போக வடக்கு வயல்ல சம்மதம்னு கையெழுத்துப் போட்டுட்டேன். நாளைக்கு அளக்க வராங்க. பட்டா ரெண்டு பேர் மேலயும் கூட்டா இருக்குல்ல, நீயும் போட்டுரு."

கண்ணாடியைக் கழற்றினேன். திரை இரண்டிரண்டாகக் கலங்கித் தெரிந்தது.

"என்னைக் கேக்காம எப்படிண்ணே போட்டீங்க?"

"மெதுவாப் பேசு. எந்தக் கட்சி வந்தாலும் குழாய் வரத்தான்டா போவுது. ஒன்றியச் செயலாளரே சொல்லிட்டாரு."

"அதுக்குத்தான் நாத்து தேறட்டும், தேறட்டும்னு நடவைத் தள்ளிப் போட்டீங்களா?"

பயிர் நிற்கும் வயலில் அளவுச் சங்கிலியோடு இறங்க எங்கள் ஊரில் எவரையும் விடமாட்டார்கள். வெறும் சேறென்றால் கேட்க ஆளில்லை. உழுது, பரம்படித்து, தண்ணீர் கட்டிய வயல் யாருக்காகக் காத்துக் கிடந்தது என்று அந்த இருட்டில்தான் புரிந்தது.

"இதை வீட்டுல சொல்லக் கூடாதா?"

"வீட்டுல சொன்னா நீ ஊரக் கூட்டுவ. இங்கன்னா கத்த மாட்டேல்ல."

கத்தினேன். என்ன கத்தினேன் என்பதை எழுத மாட்டேன்.

முன்வரிசைக்காரர் திரும்பினார். "ஏங்க, வரப்புத் தகராறை வெளியில வச்சுக்கங்க. இங்க ஒருத்தன் சாகக் கிடக்கான்!"

பலர் சிரித்தார்கள். மிதந்தவன் பிழைத்தானா என்று எனக்குத் தெரியாது. எழுந்து வந்து பஸ் ஏறினேன். பாதி வயல் அவருடையது; அதை நான் மறுக்கவில்லை. என் பாதியையும் சேர்த்து விலை பேசிவிட்டு, என் வாயை மூட ஒரு சினிமா டிக்கெட்!

ஊரில் இறங்கியதும் நேரே நடவுக்கு ஆள் கூட்டிவரும் பெண்மணியின் வீட்டுக்குப் போனேன்.

"நாளைக்கா? இத்தினி நாளு தூங்கிட்டு, தீபாவளி நேரத்துல வந்து நிக்கிறீங்களே!" என்றார். விஷயத்தைச் சொன்னேன். "ஓகோ" என்று எழுந்து முந்தானையைச் செருகிக்கொண்டார். "எல்லாரையும் இழுத்துட்டு வரேன், போங்க."

அண்ணனுக்குச் சொல்லியனுப்பவில்லை.

28, திங்கள். வெளிச்சம் வந்ததும், காப்பிகூடக் குடிக்காமல் நாற்றங்காலில் இறங்கி முதல் முடி நாற்றைப் பறித்துக் கட்டினேன்.