இரண்டாவது மாடியில் உட்கார்ந்த பொம்மை

பொம்மைக் கடைக்காரர் கேட்டதில் ஒரு தப்பும் இல்லை. ஒரு ஆள் அரை மணி நேரமாகத் தீயணைப்பு வண்டி பொம்மைகளை ஒவ்வொன்றாகக் கவிழ்த்துப் பார்த்து, "இதுல ஏணி நீளவே மாட்டேங்குது, அதுல பம்ப் தப்பான பக்கம் இருக்கு" என்று குறை சொல்லிக்கொண்டே இருந்தால் யாருக்குத்தான் பொறுமை இருக்கும்?

"குழந்தைக்கு என்ன வயசு சார்?"

"ஐம்பத்திமூணு," என்றார் டிரைவர், நிமிர்ந்துகூடப் பார்க்காமல்.

அவர் நிஜத் தீயணைப்பு வண்டியின் டிரைவர். இருபத்தெட்டு வருஷமாக அதே நிலையம், அதே இருக்கை. நிலையத்தில் எல்லோருக்கும் அவர் 'அண்ணன்'. அவர் பொம்மை வாங்க வந்தது விளையாட்டுக்கு இல்லை. நிஜப் பயிற்சி நடத்த வேண்டுமென்றால் தண்ணீர் வேண்டும், டீசல் வேண்டும், தெருவை மறிக்க அனுமதி வேண்டும். இத்தனையும் கூடி வருகிற அன்றைக்குப் பார்த்து ஆளில் பாதிப் பேர் லீவில் இருப்பார்கள். பயிற்சி மைதானம் என்று பேருக்கு ஒன்று இருந்தது; அதில் ஸ்டேஷன் ஆபீசரின் கார் நின்றது. காரை எடுங்கள் என்று யார் போய்ச் சொல்வது? அதனால் அண்ணன் சாப்பாட்டு மேசையைப் பிடித்துக்கொண்டார். பிடித்தால் உடும்புப் பிடிதான், விடுகிற ஜாதியில்லை அவர்.

செருப்புப் பெட்டிகளை அடுக்கி ஒட்டி மூன்று மாடிக் கட்டடம் எழுந்தது. ஜன்னல்களை அளவெடுத்து வெட்டினார். தீக்குச் சிவப்புக் கண்ணாடித்தாள், புகைக்குக் கரி தடவிய பஞ்சு, தண்ணீர்க் குழாய்க்குச் சணல் கயிறு. அந்தக் கயிற்றையும் சும்மா வெட்டவில்லை. வண்டியில் இருக்கிற குழாய் எவ்வளவு நீளமோ அதற்குக் கணக்குப் போட்டுத்தான் வெட்டினார். நிஜக் குழாய் எட்டாத இடத்துக்குப் பொம்மைக் குழாயும் எட்டாது. பக்கத்தில் சமையல்கட்டுக் கடிகாரம் ஒன்று ஓடும். நிமிஷத்துக்கு ஒரு துண்டு சிவப்புத் தாள் கூடும். "ஒரு நிமிஷம் அண்ணே, யோசிச்சுச் சொல்றேன்" என்று எவனாவது சொன்னால், அதற்குள் ஒரு அறை எரிந்து போயிருக்கும்.

ஆள்களுக்கு ஆறு பொம்மைகள். அதில்தான் வம்பே வந்தது. ஒவ்வொரு பொம்மையும் நிலையத்தில் ஒரு ஆள். ஓடினால் மூச்சு வாங்குகிறவனின் பொம்மை படிக்கட்டில் நின்று நின்றுதான் ஏறும். எல்லோரும் 'யானை' என்று கூப்பிடுகிற தடியனின் பொம்மைக்கு வயிற்றில் களிமண் அப்பியிருந்தார். அது ஜன்னலுக்குள் நுழையவே நுழையாது.

"இது அநியாயம்ணே. நான் மூச்சை இழுத்துப் பிடிச்சா நுழைஞ்சிடுவேன்," என்றான் யானை.

"பிடி பார்ப்போம்."

பிடித்தான். நிலையத்து ஜன்னலிலேயே வைத்துப் பார்த்தார்கள். வெளியே எடுக்க இரண்டு பேர் காலைப் பிடித்து இழுக்க வேண்டியதாகிவிட்டது.

"பார்த்தியா? உன்னால முடியாதது உன் பொம்மையாலயும் முடியாது. செத்தா படுத்துடணும். எந்திரிச்சு வந்து வாதாடக் கூடாது." இதுதான் மேசையின் சட்டம்.

யானை வாரத்துக்கு இரண்டு முறை செத்தான். ஒரு நாள் அவன் மனைவி நேராக நிலையத்துக்கே வந்துவிட்டாள். இடுப்பில் கை வைத்துக்கொண்டு, "ஏன்ணே, என் வீட்டுக்காரரை வாரா வாரம் சாகடிக்கிறீங்களாமே? ராத்திரி தூக்கத்துல 'ஜன்னல் சின்னது, ஜன்னல் சின்னது'ன்னு உளர்றாரு. கொஞ்சம் ஜன்னலைப் பெருசா வெட்டினா குறைஞ்சா போயிடுவீங்க?" என்றாள்.

"ஊர்ல கட்டின ஜன்னலை நான் எப்படிம்மா பெருசாக்குறது? நீ சாப்பாட்டைக் குறை," என்றார் அண்ணன். அவளும் குறைத்தாள். அதற்கப்புறம் யானை அண்ணனோடு ஒரு வாரம் பேசவில்லை.

ஆனால் யானை ஒன்றைக் கவனித்து வைத்திருந்தான். "எல்லா பொம்மையும் தட்டுத் தடுமாறுது, உங்க பொம்மை மட்டும் அணில் மாதிரி ஏறுதேண்ணே?" என்று ஒருமுறை கேட்டான். "நான் தினமும் நடக்கிறவன்டா," என்று சொல்லிவிட்டு அண்ணன் பேச்சை மாற்றினார்.

ஊருக்குத்தான் உபதேசம். அண்ணனின் வலது முட்டி போய் இரண்டு வருஷம் ஆகியிருந்தது. வண்டியில் ஏறும்போது கைப்பிடியைப் பிடித்துத் தொங்கி ஏறுவார். இறங்கும்போது ஏதோ பாகத்தைச் சோதிக்கிற மாதிரி படியில் கொஞ்சம் நின்றுவிட்டு இறங்குவார். மருத்துவப் பரிசோதனை அன்றைக்கு வலி மாத்திரை இரண்டு போட்டுக்கொண்டு, கல்யாண மாப்பிள்ளை மாதிரி நிமிர்ந்து நடந்து போவார். விஷயம் தெரிந்தது அவர் மனைவிக்கு மட்டும்தான். "சொல்லித் தொலைங்களேன், ஆபீஸ்ல உட்கார வைப்பாங்க," என்பாள். "வண்டியை விட்டு இறங்கினா நான் யாருடி?" என்பார்.

இந்த நேரத்தில்தான் பெரிய ஏணி வண்டி வரப்போகிறது என்று செய்தி வந்தது. புத்தம் புதுசு. அதற்கு ஒரே ஒரு டிரைவர். அவசரத்துக்கு அவனும் ஏணியில் ஏற வேண்டும், அது விதி. போட்டிக்கு இருந்தது இரண்டு பேர்: அண்ணன், அப்புறம் சின்ன டிரைவர். சின்ன டிரைவருக்கு முப்பத்தைந்து வயது, முட்டி இரண்டும் கல் மாதிரி. ஆனால் திருப்பத்தில் வண்டியை ஒடித்துத் திருப்புகிற கெட்ட பழக்கம். அண்ணனுக்கு அந்த வண்டி மேல் அப்படி ஒரு ஆசை. அதன் படத்தைச் சட்டைப் பையில் வைத்துக்கொண்டு அலைந்தார். அதில் ஒரு வருஷமாவது உட்கார்ந்துவிட்டுத்தான் ஓய்வு பெறுவது என்று முடிவே பண்ணிவிட்டார்.

டிரைவரைத் தேர்ந்தெடுக்கப் பெரிய ஆபீசர் நேரில் வந்தார். சாப்பாட்டு மேசையைப் பற்றி யாரோ அவரிடம் சொல்லியிருந்தார்கள்.

"எங்கே, அந்தப் பொம்மை விளையாட்டைக் காட்டுங்க பார்ப்போம். நானே கட்டளை போடறேன்."

மூன்றாவது மாடியில் ஒரு கிழவர் மாட்டியிருப்பதாக வைத்துக்கொண்டார்கள். கிழவருக்கு ஒரு உப்பு டப்பா. பெரிய ஆபீசர் முதல் கட்டளையிலேயே வண்டியைச் சுவரோடு ஒட்டி நிறுத்தினார். ஏணியை விரிக்க இடமில்லை. அடுத்து, யானையை ஜன்னல் வழியாக அனுப்பினார்.

"சிக்கிட்டான் சார்," என்றார் அண்ணன்.

"எப்பவும் நடக்கிறதுதான் சார்," என்றான் யானை சோகமாக.

கடிகாரம் ஓடியது. சிவப்புத் தாள் ஏறியது. ஸ்டேஷன் ஆபீசர் பின்னாலிருந்து 'கொஞ்சம் விட்டுக் கொடுய்யா' என்று கண்ணைக் காட்டினார். அண்ணன் அந்தப் பக்கம் திரும்பவே இல்லை. படிக்கட்டில் இரண்டு பேர் புகையில் படுத்தார்கள். பம்பைச் சின்ன டிரைவர் பார்த்துக்கொண்டிருந்தான். நிலையத்தின் ஒரே வீராங்கனை, அண்ணன் 'தங்கச்சி' என்று கூப்பிடுகிறவள், அவளுடைய பொம்மை மட்டும் மூன்றாவது மாடி ஜன்னலில் உப்பு டப்பாவைத் தூக்கி வைத்துக்கொண்டு நின்றது. தனியாக அவளால் கிழவரை இறக்க முடியாது.

"யார் மிச்சம்?" என்றார் பெரிய ஆபீசர், நெற்றியைத் துடைத்துக்கொண்டு. மனுஷருக்கு நிஜமாகவே வியர்த்துவிட்டது.

"ஏணி வண்டி டிரைவர் சார். நான்."

"அப்போ ஏறு! சீக்கிரம் ஏறு!"

அண்ணன் தன் பொம்மையை எடுத்தார். புகையில் படுத்தவர்களைத் தாண்டி, படிக்கட்டு வழியாக முதல் மாடி வரை விறுவிறுவென்று ஏற்றினார். பெரிய ஆபீசரின் முகம் மலர ஆரம்பித்தது. இன்னும் இரண்டு சாண் தூரம். ஏற்றிவிட்டால் கிழவர் பிழைப்பார், பெரிய ஆபீசர் ஜெயிப்பார், ஏணி வண்டி அண்ணனுக்கு. இரண்டாவது மாடியில் கை நின்றுவிட்டது.

மேசைக்கு அந்தப் பக்கம் தங்கச்சியே நின்றுகொண்டிருந்தாள். அண்ணன் எப்படியும் வந்துவிடுவார் என்ற நம்பிக்கையோடு அந்தப் பொம்மையையே பார்த்துக்கொண்டிருந்தாள். அந்தப் பார்வையைத்தான் அவரால் தாங்க முடியவில்லை. நாளைக்கு நிஜமாகவே ஒரு ஜன்னலில் இவள் இப்படி நின்று பார்த்தால்? அவருக்குத் தன் மேலேயே அருவருப்பு வந்தது.

பொம்மையை இரண்டாவது மாடியில் உட்கார வைத்தார்.

"இவனால இதுக்கு மேல முடியாது சார். முட்டி போச்சு."

"யாருக்கு? பொம்மைக்கா?"

"எனக்கு சார். ரெண்டு வருஷமாச்சு. மாத்திரை போட்டுப் பரிசோதனையை ஏமாத்தினேன். இந்த மேசையிலயும் என் பொம்மை இதுவரைக்கும் ஏறினது பூராப் பொய்."

"நான் அப்பவே சொன்னேன்ல!" என்று யானை துள்ளினான். அண்ணனின் முகத்தைப் பார்த்ததும் அவன் வாய் தானாக மூடிக்கொண்டது. நிமிஷம் முடிந்தது. மூன்றாவது மாடிக்குத் தாள் வைக்க யாருக்கும் கை வரவில்லை. கடைசியில் அண்ணனே வைத்தார். தங்கச்சியின் பொம்மையையும் அவரே படுக்க வைத்தார்.

பெரிய ஆபீசர் உப்பு டப்பாவைத் தானே படுக்க வைத்தார். அப்புறம் எழுந்து தொப்பியை எடுத்தார்.

"ஏமாத்தினதுக்கு உங்க மேல நடவடிக்கை எடுக்கணும். எடுக்கறேன். நாளையிலேருந்து எந்த வண்டியிலயும் நீங்க ஏறக் கூடாது. மாசத்துக்கு நாலு நிலையத்து ஆளுங்க இங்க வருவாங்க. இந்த மேசையில வச்சு அவங்களைச் சாகடிங்க. என்னைச் சாகடிச்ச மாதிரியே." வாசல்வரை போனவர் திரும்பினார். "வண்டியைச் சுவரோட ஒட்டி நிறுத்தினது தப்புதான், இல்ல?"

"ஆமா சார்."

ஆளாளுக்கு வந்து கை கொடுத்தார்கள், உத்தியோக உயர்வு மாதிரி. வீட்டில் மனைவி, "அப்பாடா, இனிமே நிம்மதியாத் தூங்குவேன்," என்றாள். எல்லோருக்கும் சந்தோஷம், அண்ணனைத் தவிர.

ஏணி வண்டி வந்த மூன்றாம் நாள் காலை பத்து மணிக்கு நிலையத்தின் அபாய மணி அடித்தது. பழக்க தோஷத்தில் அண்ணன் எழுந்து ஓடிவிட்டார். கைப்பிடியில் கை வைத்த பிறகுதான் மேலே பார்த்தார். இருக்கையில் சின்ன டிரைவர். அவன் சங்கடப்பட்டு, "அண்ணே..." என்று இழுத்தான். அண்ணன் கையை எடுத்துவிட்டு, போய் வாசல் கதவை அகலத் திறந்தார். வண்டி அவரைத் தாண்டிப் போனது. இருபத்தெட்டு வருஷத்தில் முதல் தடவையாக வண்டி வெளியே போனபோது அவர் கீழே நின்றார். அழுகை வந்துவிட்டது. நடு வாசலில், பட்டப்பகலில், போகிற வருகிறவர்கள் பார்க்க வாய்விட்டு அழுதார்.

அழுதுகொண்டே பார்த்தால், அந்தப் பாவி தெருமுனையில் வண்டியை ஒடித்துத் திருப்புகிறான்! பின்சக்கரம் நடைபாதையில் ஏறப்போகிறது!

"டேய்! அகலமா எடுடா! பின்னாடி ஏறுதுடா, மடையா, பின்னாடி!"

காய்கறிக் கடைக்காரன் தராசைக் கீழே போட்டான். நாலு ஜன்னல்கள் திறந்தன. வண்டி நின்றது, ஒரு முழம் பின்னால் வந்தது, அகலமாக எடுத்து அழகாகத் திரும்பியது. சைரன் சத்தத்துக்கு நடுவே டிரைவர் ஜன்னலிலிருந்து ஒரு தலை வெளியே நீண்டது.

"சரிண்ணே!"