சூடம் ஏற்றச் சொன்னவர்

திருச்சி மன்னார்புரத்தில் ரெஜிஸைப் பற்றி விசாரித்தால், "மலேசியாவுக்கு ஆள் அனுப்புறவர்" என்பார்கள். அது பொய். அனுப்புகிறவன் ராசப்பன், மாடியில் போர்டு மாட்டி டிராவல்ஸ் வைத்திருப்பவனும் அவன்தான். டூரிஸ்ட் விசாவில் வேலைக்குப் போகிறவனுக்கு, விமான நிலையத்தில் அதிகாரி கேட்டால் என்ன சொல்ல வேண்டும் என்று கற்றுக் கொடுப்பது மட்டுமே ரெஜிஸின் வேலை. இந்த வித்தியாசத்தை அவர் உயிராகப் பிடித்துக்கொண்டிருந்தார்.

ஐம்பத்தாறு வயது. குமாஸ்தாவாக இருந்த கம்பெனி மூடியதும் சும்மா கிடந்தவரை ராசப்பன்தான் கண்டுபிடித்தான். சர்ச்சில் நடக்கும் தவக்கால நாடகத்தில் வருஷாவருஷம் ரோமாபுரிப் படைத்தலைவனாக நின்று மிரட்டுகிற அந்தக் குரல் அவனுக்குத் தேவைப்பட்டது. ஒரு மேஜை, அதற்கு முன்னால் ஒரு கோடு. மேஜைக்குப் பின்னால் ரெஜிஸ் அதிகாரியாக உட்கார்ந்து உறுமுவார். கோட்டுக்கு அந்தப் பக்கம் நிற்கிறவன் ஹோட்டல் பெயரையும், இரட்டைக் கோபுரத்தையும், பத்துமலை முருகனையும் தடங்கலில்லாமல் சொல்ல வேண்டும். "உள்ளங்கையக் காட்டாத. காய்ச்சுப் போன கையோட எந்த டூரிஸ்ட்டுப்பா வரான்?" என்பார். பதினோரு வருஷத்தில் அவரிடம் படித்த ஒருவனையும் விமான நிலையத்தில் திருப்பி அனுப்பியதில்லை. அந்தப் பெருமையை அவர் மறைத்ததும் இல்லை.

டீக்கடையில் யாராவது இது தப்பில்லையா என்று வாயைக் கொடுத்துவிட்டால் போதும், பிடித்துக்கொள்வார். "எய்தவன் இருக்க அம்பை ஏன்யா நோகுறீங்க? டிக்கெட் போடுறவன் ராசப்பன். முத்திரை குத்துறவன் அந்த நாட்டு ஆபீசர். தோட்டத்துல சேத்துக்கிறவன் அந்த நாட்டு மொதலாளி. ஆளு வேணும், ஆனா ஆளு வந்தா பிரச்சனைன்னு பேப்பர்ல போடுறான். இதுல நான் யாரு?" கேட்டவன் டீயைக் குடித்துவிட்டுப் போய்விடுவான். நியாயம்தானே என்று அவனுக்கும் தோன்றும்.

எல்லாம் வையம்பட்டி வீரமலை வருகிற வரைக்கும்தான். முப்பத்திரண்டு வயது, சோளமும் கடலையும் போடுகிற குடும்பம், இரண்டு பெண் குழந்தைகள். அடேயப்பா, அவனுக்குப் பொய் சொல்ல வாயே வராது! "எதுக்குப் போறீங்க?" என்று ரெஜிஸ் உறுமினால், "வேலைக்குங்க" என்பான். மறுபடி சொல்லிக் கொடுத்தால், "சுத்திப் பாக்கங்க" என்று சொல்லிவிட்டு, "அப்புறம் வேலைக்குங்க" என்று சேர்த்துக்கொள்வான். ஒன்பது நாள் இதே கூத்து. புதன்கிழமை விமானம். "இவன் மாட்டுனா பின்னால வர்ற இருபது பேரும் மாட்டுவான் சார், ஏதாச்சும் பண்ணுங்க" என்று ராசப்பன் கழுத்தை நெரித்தான்.

ரெஜிஸுக்கு ஒரு யோசனை வந்தது. ஞாயிற்றுக்கிழமை பூசை முடிந்த கையோடு வையம்பட்டிக்குப் பஸ் ஏறினார். அந்த ஊர்க் கருப்பு கோயிலில் வீரமலையை நிறுத்தி, சூடம் ஏற்றச் சொன்னார். சீருடை போட்டவன் எவன் கேட்டாலும், எத்தனை தடவை கேட்டாலும், சுற்றிப் பார்க்க வந்தேன் என்பதைத் தவிர வேறு வார்த்தை பேசமாட்டேன் என்று பிள்ளைகள் பேரில் சத்தியம் வாங்கினார். வீரமலை எரிகிற சூடத்தை உள்ளங்கையால் அடித்து அணைத்தான். ரெஜிஸ் வீட்டுக்கு வந்து பெருமையாகச் சொன்னபோது அவர் மனைவி லிசி தலையில் அடித்துக்கொண்டாள். "சர்ச்ல நன்மை அப்பம் வாங்கிட்டு நேராப் போய் கருப்பசாமிகிட்ட சத்தியம் வாங்கியிருக்கீங்க. சாமியார்கிட்ட பாவசங்கீர்த்தனத்துல இதை எப்படிச் சொல்லுவீங்க?" ரெஜிஸ் சிரித்தார். புதன்கிழமை வீரமலை தடங்கலில்லாமல் போய்ச் சேர்ந்தும்விட்டான்.

ஏழு மாதம் எண்ணெய்ப்பனைத் தோட்டத்தில் வேலை பார்த்தான். அப்புறம் ஒருநாள் அதிகாரிகள் வந்து வளைத்தார்கள். ஏழு பேர் பிடிபட்டார்கள். வேலைக்குத்தான் வந்தோம், இன்னார்தான் அனுப்பினார் என்று உள்ளதைச் சொன்ன, வேறு ஏஜெண்டுகள் அனுப்பிய ஆறு பேரும் மாதக் கடைசியில் திருச்சியில் வந்து இறங்கினார்கள். வீரமலை வரவில்லை.

அவன் மனைவி பொன்னுத்தாய் முதலில் போனது ராசப்பனிடம். "நான் டூரிஸ்ட் டிக்கெட்தானம்மா போட்டேன், அவரு வேலைக்குப் போனா நான் என்ன செய்ய?" என்று அவன் கையை விரித்தான். பிறகு ரெஜிஸின் மேஜைக்கு வந்தாள். ரெஜிஸ் வழக்கம்போல ஆபீசரில் தொடங்கி முதலாளி வரைக்கும் அடுக்கினார். அவள் குறுக்கே பேசாமல் முழுவதையும் கேட்டாள்.

"அதெல்லாம் இருக்கட்டும் சார். சூடம் ஏத்தச் சொன்னது யாரு?"

ரெஜிஸ் எதிரே இருந்த நாற்காலியைக் காட்டினார். அவள் உட்காரவில்லை.

"கூடப் பிடிபட்டுத் திரும்பி வந்த மாதவன் சொல்றாப்ல. எது கேட்டாலும் சுத்திப் பாக்க வந்தேன்னே சொல்றாராம். ஏழு மாசமாவா சுத்திப் பாக்குறன்னு அவங்க சிரிக்கிறாங்களாம். யாரையோ காப்பாத்துறான்னு தனியாப் பிடிச்சு வச்சிருக்காங்க. வாரம் ஒருக்கா போன் பேச விடுறாங்க. உள்ளதைச் சொல்லிடுங்கன்னு சொல்லிப் பாத்துட்டேன் சார். மீறினா புள்ளைங்களுக்கு ஆகாதுன்னு அழுவுறாரு. கட்டுனவர்தான் வந்து அவுக்கணும்னு பூசாரி சொல்லிட்டாரு. ஊரு முன்னால நின்னு, என்ன சத்தியம் வாங்குனேன்னு நீங்க வாயால சொல்லணும்."

அன்று சாயங்காலமே ராசப்பன் ஓடி வந்தான். "பைத்தியமா சார் உங்களுக்கு? ஊரு முன்னால ஒத்துக்கிட்டா நாளைக்கு அதுவே சாட்சி. நீங்களும் உள்ள, நானும் உள்ள." அவன் சொன்னது சரிதான். ரெஜிஸுக்குப் பயமாக இருந்தது, அப்பட்டமான பயம். இரண்டு நாள் படுக்கையை விட்டு எழுந்திருக்கவில்லை. மூன்றாம் நாள் சட்டையை மாட்டிக்கொண்டு கிளம்பியவரை, எங்கே என்று லிசி கேட்கவில்லை.

கருப்பு கோயிலில் நாற்பது பேர் இருந்தார்கள். படைத்தலைவன் குரல் அன்றைக்கு எழும்பவில்லை. "கேக்கலையே" என்று பின்னால் நின்றவர்கள் சொன்னார்கள். ரெஜிஸ் திரும்பச் சொன்னார்: வீரமலையைப் பொய் சொல்லச் சொல்லி, அவன் பிள்ளைகள் பேரில் சத்தியம் வாங்கியது நான்; அதை இப்போது திருப்பி எடுத்துக்கொள்கிறேன். பூசாரி சூடம் ஏற்றினார். ரெஜிஸ் உள்ளங்கையால் அடித்து அணைத்தார். நன்றாகச் சுட்டது.

யாரும் கலையவில்லை. அது போன் வருகிற நாள். பன்னிரண்டு மணிக்கு மேல் வந்தது. பொன்னுத்தாய் நடந்ததைச் சொல்லிவிட்டு, எல்லோருக்கும் கேட்கும்படி போனை ரெஜிஸ் முன்னால் நீட்டினாள்.

"அவுத்துட்டீங்களா சார்?" வீரமலையின் குரல் தேய்ந்திருந்தது.

"அவுத்துட்டேன்ப்பா. புள்ளைங்களுக்கு ஒண்ணும் ஆகாது. உள்ளதைச் சொல்லிட்டு ஊருக்கு வா."

"யாரு அனுப்புனான்னு கேப்பாங்க சார். ராசப்பன் அண்ணன் பேர மட்டும் சொல்லிக்கிறேன். உங்க பேர எடுக்க மாட்டேன். ஒன்பது நாள் பொறுமையாச் சொல்லிக் குடுத்தீங்க, நீங்க நல்லதுதானே நெனைச்சீங்க."

பொன்னுத்தாய் ரெஜிஸின் முகத்தைப் பார்க்காமல் போனையே பார்த்துக்கொண்டிருந்தாள். ரெஜிஸ் சும்மா இருந்தால் போதும், தப்பித்துவிடலாம். ஒரு வார்த்தைகூடப் பேச வேண்டியதில்லை.

"ஆபீசர் பக்கத்துல இருக்காரா?" என்று கேட்டார் ரெஜிஸ்.

"இருக்காரு சார். தமிழ் தெரிஞ்ச ஆளும் இருக்காரு."

"எழுதிக்கச் சொல்லு" என்றார். தன் பெயர், தகப்பனார் அமிர்தசாமியின் பெயர், மன்னார்புரத்துக் கதவு எண், தெரு என்று ஒவ்வொன்றாக, அந்தப் பக்கம் எழுதுகிறவருக்கு வசதியாக, மெதுவாகச் சொல்லத் தொடங்கினார்.