புதுக் கேமரா மீதான விசாரணை

போட்டோக்காரருக்கு எதையும் எளிதில் நம்பிவிடும் வழக்கமில்லை. பல்பு வாங்கினால் கடையிலேயே எரியவைத்துப் பார்ப்பார். வழியில் கெட்டிருக்குமோ என்று வீட்டுக்கு வந்து இன்னொரு முறை பார்ப்பார். அப்படிப்பட்டவர் மச்சினன் பேச்சைக் கேட்டு, பல வருஷம் உழைத்த கேமராவை ஓரங்கட்டிவிட்டுப் புதிதாக ஒன்று வாங்கினார். மனிதனுக்கு ஒரு பலவீனமாவது இருக்கத்தானே செய்யும். மச்சினன் கேமராக் கடையில் வேலை பார்ப்பவன். "இதுல எடுத்தா கல்லுகூடச் சிரிக்கும் மாமா" என்று சொல்லியிருந்தான்.

கல் சிரித்ததோ என்னவோ, பள்ளிக்கூடப் பிள்ளைகள் சிரிக்கவில்லை. வருஷா வருஷம் அங்கே வகுப்புப் படம் எடுப்பவர் அவர்தான். ஸ்டூடியோவுக்குச் சோறு போடுவதே அந்த வேலைதான். இந்த வருஷம் தலைமையாசிரியை முதல் படத்தைப் பார்த்ததும் மேஜையில் கவிழ்த்து வைத்துவிட்டார். முடியை எண்ணிவிடலாம், அவ்வளவு தெளிவு. ஆனால் பிள்ளைகள் அத்தனை பேரும் திருட்டு வழக்கில் பிடிபட்டவர்கள்போல் வரிசையாக நின்றார்கள். வியாழக்கிழமை மறுபடி எடுத்துப் பார்க்கலாம், அதுவும் சரிவரவில்லை என்றால் அடுத்த தெரு ஸ்டூடியோவுக்கே கொடுத்துவிடலாம் என்று அவர் மிகவும் மரியாதையாகச் சொன்னார்.

போட்டோக்காரர் விசாரணையைத் தொடங்கினார். யாரோ வாங்கித் திருப்பிக் கொடுத்ததை மச்சினன் தன் தலையில் கட்டிவிட்டானோ என்று அட்டைப்பெட்டியின் ஓரங்களைத் தடவிப் பார்த்தார். செங்கல் சுவரைப் படமெடுத்தார். ஒரு செங்கல்கூடப் பிசகவில்லை. குற்றம் எதுவும் அகப்படாதது அவருடைய சந்தேகத்தை இன்னும் வலுப்படுத்தியது.

மனைவிதான் பொறுக்கமாட்டாமல் வாயைத் திறந்தாள்.

"அதை ஏன் போட்டு நோண்டுறீங்க? பழசுல ஃபிளாஷ் ஏற நேரமாகும். அதுவரைக்கும் நீங்க அதைத் திட்டிக்கிட்டே நிப்பீங்க. பிள்ளைங்க அதுக்குத்தான் சிரிச்சாங்க. இதுல உடனே ஏறிடுது, திட்டுறதுக்கே நேரமில்லையே."

"அப்ப என்னைப் பார்த்தா சிரிச்சாங்க?"

"பின்ன, கேமராவைப் பார்த்தா?"

தம்பியைக் காப்பாற்ற அக்கா கட்டிய கதை இது என்று அவருக்கு உடனே விளங்கிவிட்டது. இருந்தாலும் வேறு வழியில்லை.

வியாழக்கிழமை பிள்ளைகள் பெஞ்சில் ஏறி நின்றார்கள். மச்சினன் விளக்கைப் பிடித்துக்கொண்டான். போட்டோக்காரர் கேமராவைச் சோம்பேறி என்றார், தண்டச்சோறு என்றார். ஒப்புக்குத் திட்டுவது யாருக்கும் சிரிப்பூட்டவில்லை. முன்வரிசையில் ஒருத்தி கொட்டாவி விட்டாள். வாசலில் தலைமையாசிரியை கையைக் கட்டிக்கொண்டு நின்றார்.

அப்போதுதான் கேமராத் திரையின் மூலையில் ஒரு கரும்புள்ளி தெரிந்தது.

போட்டோக்காரர் பள்ளிக்கூடத்தையே மறந்தார். "நினைச்சேன். நீயும் இவனும் கூட்டுத்தானே? உண்மையைச் சொல்லு, என்கிட்ட வர்றதுக்கு முன்னாடி எவன் வீட்டுல இருந்த?" என்று கேமராவை முகத்துக்கு நேரே பிடித்துக்கொண்டு குறுக்கு விசாரணை செய்தார். புள்ளி மெதுவாக நகர ஆரம்பித்தது.

"மாமா, அது எறும்பு" என்றான் மச்சினன்.

வகுப்பே வெடித்துச் சிரித்தது. அத்தனை கோபத்திலும் போட்டோக்காரரின் விரல் பொத்தானை அழுத்தத் தவறவில்லை.

படத்தைப் பார்த்த தலைமையாசிரியைக்கு முகமெல்லாம் மலர்ச்சி. "இதுக்குத்தான் நல்ல கேமரா வேணுங்கிறது. போன தடவை பழசுல எடுத்துட்டீங்க போல. சரி, வர்ற வருஷமும் நீங்களே வந்துடுங்க."

மச்சினன் பணிவாகத் தலை குனிந்தான். மறுத்துச் சொன்னால் வேலை போய்விடும் என்பதால் போட்டோக்காரரும் ஆமாம் என்றார். அந்த எறும்பை அவன் எங்கே பிடித்துக்கொண்டு வந்தான் என்பது மட்டும் அவருக்கு இன்னும் பிடிபடவில்லை.