கடல் பக்கம் போன பந்து

ஆகிலாவுக்கு இருப்புக்கொள்ளவில்லை. கொழும்பில் பயிற்சி முகாம் முடிந்து திங்கட்கிழமை வீட்டுக்கு வந்தவள், இன்று புதன்கிழமை. இந்த மூன்று நாளில் ஒரு கோப்பைத் தேத்தண்ணியை ஒழுங்காக உட்கார்ந்து குடித்திருப்பாளா என்றால் இல்லை. அடுப்படிக் குசினிக்குப் போவாள், எதற்குப் போனோம் என்று தெரியாமல் திரும்புவாள். வாசலுக்கு வருவாள், கேற்றைத் திறப்பாள், மூடுவாள். காற்று நிறைந்திருக்கும் சைக்கிளுக்கு இன்னும் காற்றடிப்பாள்.

"புள்ள, ஒரு இடத்தில குந்து. ஒன்னப் பாத்துப் பாத்து எனக்குத் தலை சுத்துது," என்றார் உம்மா றினோஸா, மீன் வெட்டிக்கொண்டே.

"குந்தித்தானே இரிக்கன் உம்மா," என்றாள் ஆகிலா, நின்றுகொண்டே.

காரணம் கல்முனைக்குடி முழுவதற்கும் தெரியும். பத்தொன்பது வயதுக்குட்பட்ட பெண்களின் சர்வதேச கிரிக்கெட் போட்டிக்கு இலங்கை அணி புறப்படப் போகிறது. பதினைந்து பேர். அதில் பதினான்கு பேர் யாரென்று முகாமில் சோறு சமைத்தவருக்குக்கூடத் தெரியும். பதினைந்தாவது இடத்தில்தான் இழுபறி. ஆகிலாவா, திருக்கோவில் தர்சிகாவா? வியாழக்கிழமை பகல் பட்டியல் வரும். அடுத்த முறை இந்தப் போட்டி நடக்கும்போது இரண்டு பேருக்கும் வயது தாண்டிவிடும். இப்போது இல்லையென்றால் இனி இல்லை.

வேடிக்கை என்னவென்றால் முகாமில் இவர்கள் இருவரும் ஒரே அறை, அடுத்தடுத்த கட்டில். மற்றவர்கள் எல்லாம் சிங்களத்தில் கதைத்துக்கொண்டிருக்க, இதுகள் இரண்டும் மூலையில் தமிழில் குசுகுசுத்து, தாங்களே சிரித்து, தாங்களே ஏச்சும் வாங்கிக்கொள்ளும். தர்சிகாவின் அம்மா கட்டிக்கொடுத்த எள்ளுருண்டையில் பாதிக்கு மேல் ஆகிலாவின் வயிற்றுக்குள்தான் போனது.

ஆகிலா கிரிக்கெட் பழகியது மைதானத்தில் அல்ல, கடற்கரையில். அவளுக்கு ஏழு வயதாக இருக்கும்போது, காக்கா என்று அவள் கூப்பிடும் அண்ணன் முஸ்தாக்கின் கூட்டத்தில் பந்து பொறுக்க ஓர் ஆள் குறைந்தது. சரி, இதையும் கூட்டிக்கொள்வோம் என்று சேர்த்தார்கள். கரையோடு ஈர மணல் இறுகிக் கிடக்கும் ஒடுங்கிய துண்டுதான் ஆடுகளம். மீன்பெட்டிதான் விக்கெட். வலக்கைக்காரர் மட்டையைப் பிடித்து நின்றால் முகத்துக்கு முன்னால் ஊர், முதுகுக்குப் பின்னால் கடல்.

பந்து இருப்பதோ ஒன்று. கடலுக்குப் போனால் அலை கொண்டுபோய்விடும். ஆகவே அந்தக் கரையில் ஒரு சட்டம் இருந்தது: கடல் பக்கம் தூக்கி அடித்தவர் அவுட். பிடித்தாலும் அவுட், பிடிக்காவிட்டாலும் அவுட், தண்ணீரில் விழாவிட்டாலும் அவுட். பந்து அந்தப் பக்கம் கிளம்பிய உடனே மட்டையைக் கக்கத்தில் வைத்துக்கொண்டு நடையைக் கட்ட வேண்டும். நின்று நியாயம் கேட்கிறவர்களுக்கு அடுத்த நாள் விளையாட்டு இல்லை. மற்றப் பொடியன்கள் எப்படியோ ஒரு வாய்ச்சண்டை பிடித்துப் பார்ப்பார்கள். ஆகிலா பிடிக்க மாட்டாள். பெட்டைப்பிள்ளையைச் சேர்த்ததே பெரிய தயவு, இதில் அவள் யாரோடு வாதாடுவது? அடித்த கையோடு நடந்துவிடுவாள். நடந்து நடந்து அது காலுக்கே பழகிப்போனது.

பிறகு பள்ளிக்கூட அணி, மாவட்ட அணி என்று ஏறினாள். பெரிய பிள்ளையானதும் ஊர் வாய் திறந்தது. முழுக்கைச் சட்டையும் தலையில் இறுக்கிய துணியுமாக அவள் ஓடுவதைப் பார்த்து ஒருத்தி வாசலில் வந்து நின்று ஏதோ சொல்லப்போக, றினோஸா விடவில்லை. "என்ட புள்ள உடுப்போடதான் ஓடுறாள். ஒங்கட நாக்குத்தான் உடுப்பில்லாம ஓடுது," என்று திருப்பிக் கொடுத்தார். கட்டாரில் இருக்கும் வாப்பா அதைக் கேள்விப்பட்டு விழுந்து விழுந்து சிரித்து, மகளுக்கு நல்ல மட்டையொன்று அனுப்பினார். அந்த மனிசிக்கு அன்றோடு வாய் அடைத்தது.

எல்லாம் நன்றாகத்தான் போய்க்கொண்டிருந்தது, முகாமின் கடைசி ஞாயிற்றுக்கிழமை வரைக்கும்.

அது பயிற்சி ஆட்டம். கேமராவும் இல்லை, ஒன்றும் இல்லை. தெரிவுக்குழுவினர் மட்டும் நாற்காலி போட்டு உட்கார்ந்திருந்தார்கள். கடைசிப் பந்து, வெல்ல இரண்டு ஓட்டம் வேண்டும். அடிக்கிற முனையில் ஆகிலா, எதிர்முனையில் தர்சிகா. பந்து காலுக்கு நேரே வந்தது, முதுகுப் பக்கம் தூக்கி அடிக்க வேண்டிய பந்து. ஆகிலா அந்தப் பக்கம் தூக்கி அடிக்க மாட்டாள் என்பது முகாமில் எல்லோருக்கும் தெரிந்த குறை. பயிற்சியாளர் கத்திக் கத்தித் தொண்டை வற்றிப்போனதுதான் மிச்சம். அன்றைக்கு என்ன பிடித்ததோ, அடித்துவிட்டாள். பந்து பின்பக்கமாக உயரக் கிளம்பி, அங்கே பந்து தடுக்க நின்றவளின் தலைக்கு மேலால் போய் வெறுந்தரையில் விழுந்து உருண்டது. இரண்டு அல்ல, மூன்றுகூட ஓடலாம்.

எல்லோரும் அண்ணாந்து பந்தைப் பார்த்துக்கொண்டிருந்தார்கள். ஆகிலாவோ மட்டையைக் கக்கத்தில் வைத்துக்கொண்டு, தலையைக் குனிந்து, நடக்கத் தொடங்கினாள். நான்கு எட்டு வைத்துவிட்டாள். "வா! வா! வா!" என்று தர்சிகாவின் குரல் காதைப் பிளந்தபோதுதான் இது கல்முனைக்குடி இல்லை என்று உறைத்தது. விழுந்தடித்து ஓடினாள். ஒரு ஓட்டம் எடுத்து, இரண்டாவதற்குத் திரும்பி வரும்போது ஒரு முழம் பிந்தியது. ரன் அவுட். ஆட்டம் சமநிலை, வெல்ல வேண்டிய ஆட்டம்.

"யார் பிந்தியது?" என்று அணி முகாமையாளர் மெடம் இரண்டு பேரையும் பார்த்துக் கேட்டார். ஆகிலா குனிந்து சப்பாத்துக் கயிற்றைக் கட்டினாள். கட்டிய கயிற்றை அவிழ்த்துத் திரும்பவும் கட்டினாள். கடலுக்கு அடித்த நினைப்பில் நடந்துவிட்டேன் என்று எந்த முகத்தோடு சொல்வது? சர்வதேசப் போட்டிக்குப் போகப்போகிறவள் சொல்லுகிற காரணமா அது?

வீட்டுக்கு வந்ததும் முஸ்தாக் பிடித்துக்கொண்டான்.

"எப்பிடி அவுட்டான?"

"ரன் அவுட்."

"பந்து எங்க போன?"

"பின்னுக்கு."

"பின்னுக்குப் போற பந்துக்கு மற்ற முனையில நிக்கிறவள்தானே கூப்பிடோணும்? அவள் என்ன செய்த?"

முஸ்தாக் தானே பதிலையும் எடுத்துக்கொண்டான். "ஓ... இடம் ஒண்டுதானே. எனக்கு வெளங்கிட்டு." அந்த நேரம் இல்லை என்று ஒரு சொல் சொல்லியிருந்தால் போதும். வாய்க்குள் கொழுக்கட்டை வைத்தவள் மாதிரி நின்றாள்.

புதன்கிழமை பகல், பெரிய மனிசன் முஸ்தாக் பேஸ்புக்கில் எழுதிவிட்டான். 'கரையின் மகளுக்கு அநியாயம்! கூட ஓடியவரே கழுத்தறுத்தார்!' என்று தலைப்பு. தர்சிகாவின் பெயர் இல்லை. ஆனால் திருக்கோவில் என்று இருந்தது. இது முஸ்லிம் ஊர், அது தமிழ் ஊர்; பிறகு பெயர் எதற்கு? லுஹர் தொழுகை முடிந்து ஆட்கள் வீடு திரும்புவதற்குள் கீழே கருத்துகள் நூற்றுக்கணக்கில் வந்து விழுந்தன. அவங்கட ஆக்கள் அப்படித்தான் என்று ஒருவன். உங்கட ஆக்கள் மட்டும் திறமோ என்று இன்னொருவன். கிரிக்கெட் எப்போதோ காணாமல் போய்விட்டது.

ஆகிலா அதைப் பாதிக்கு மேல் வாசிக்கவில்லை. அறைக்குள் போய்த் தர்சிகாவுக்கு அழைத்தாள்.

"அந்தப் போஸ்ட்டப் பாத்தியா?"

"பாத்தன்."

"காக்காட வேலை. அழிக்கச் சொல்றன். மனசில வெச்சிக்காத, தர்சிகா."

"கழுத்தறுக்கிற அளவுக்கு நான் கெட்டவள் இல்லயடி. அதுதான் துக்கமாக் கிடக்கு. ஆனா பிழை என்னிலதான். நீ அந்தப் பக்கம் அடிச்சத நான் காணவே இல்லத்தானே இவ்வளவு நாளும்! வாயப் பிளந்து பாத்துக்கொண்டு நிண்டுட்டன். பிந்தித்தான் கூப்பிட்டன். அண்டைக்குப் பின்னேரமே மெடத்திட்டப் போய்ச் சொல்லிப்போட்டன்."

"என்ன சொன்ன?"

"ரன் அவுட்டுக்கு நான்தான் காரணம், ஆகிலாவில பிழையில்ல எண்டு."

"ஒனக்கு விசரா? பட்டியல் வர முதல் இதப் போய்ச் சொல்லுவாங்களா?"

"உண்மையத்தானே சொன்னன்," என்றாள் தர்சிகா.

இந்த இடத்தில் ஆகிலா உடனே கரைந்துபோனாள் என்று நான் எழுதினால் அது பொய். முதலில் வந்தது சந்தோஷம். அப்படியென்றால் இடம் எனக்குத்தான் என்று மனசு ஒரு குதி குதித்தது. குதித்த அதே மனசு அடுத்த நிமிடம் அவளைக் காறித் துப்பியது. அதற்குப் பிறகு சோறு இறங்கவில்லை. கடற்கரைக்குப் போனாள், நிற்க முடியவில்லை. பசாருக்குப் போனாள், தெரிந்தவர்கள் எல்லாம் "கவலப்படாத புள்ள, ஒன்ட பேர்தான் வரும், இன்ஷா அல்லாஹ்" என்றார்கள். ஒவ்வொரு இன்ஷா அல்லாஹ்வுக்கும் அவள் நடையைக் கூட்டினாள்.

வாய் திறந்து ஒரு பொய் சொல்லியிருந்தால்கூடத் தன்னை மன்னித்துவிடலாம் போலிருந்தது. ஒன்றுமே செய்யாமல் சும்மா இருந்தால் போதும், எல்லாம் தானாகவே கைக்கு வந்துவிடும் என்பதுதான் அவளைத் தின்றது.

வியாழன் காலை மெடத்தின் இலக்கத்தை மூன்று தரம் அழுத்தி மூன்று தரமும் வெட்டினாள். நாலாவது தரம் பதினொரு மணிக்கு, வெட்டுவதற்குள் மெடம் எடுத்துவிட்டார்.

முகாமில் பழகிய அரைகுறைச் சிங்களத்தில் தொடங்கினாள். பதற்றத்தில் அதிலும் பாதி பறந்துபோனது. கடலுக்கு முஹுத என்ற சொல் மட்டும் திரும்பத் திரும்ப வந்தது. முஹுத, மெடம். முஹுதவுக்கு அடித்தால் எங்கள் ஊரில் அவுட், மெடம். நான் அவுட் என்று நினைத்து நடந்தேன். நான்கு எட்டு. தர்சிகா சரியாகத்தான் கூப்பிட்டாள். அவளுக்கு நான் நடந்தது தெரியாது. ஒருவருக்கும் தெரியாது.

மெடம் முழுவதையும் கேட்டு முடித்தார்.

"ஞாயிற்றுக்கிழமை நான் கேட்டபோது ஏன் சொல்லவில்லை?"

"வெட்கம், மெடம்."

"பதினைந்தாவதாக உன் பெயரைத்தான் எழுதி வைத்திருக்கிறோம்," என்றார் மெடம். "இதை நான் தெரிவுக்குழுவிடம் சொல்லியாக வேண்டும். தெரியும்தானே?"

என் பெயர். எழுதி வைத்திருக்கிறார்கள். நான் சொன்னது பொய், விளையாட்டுக்குச் சொன்னேன் என்று அந்தக் கணத்தில்கூடச் சொல்லிவிடலாம் என்றிருந்தது.

"ஓம், மெடம்," என்றாள், சிங்களத்தை மறந்து.

பட்டியல் பின்னேரத் தொழுகையான அசருக்கு முன்னால் வந்தது. கூடத்தில் நின்று முஸ்தாக் தன் போனில் ஒவ்வொரு பெயராக உரத்து வாசித்தான். பதினான்கு முடிந்தது. பதினைந்தாவதில் அவன் குரல் மாறியது.

"தர்சிகா! யா அல்லாஹ், அவள்ட பேரையெல்லோ போட்டிருக்கானுகள்! நான் சொன்னன்தானே? விட மாட்டன். இப்பவே எழுதுறன்..."

ஆகிலா போனைப் பறித்தாள். பறித்த கையோடு எல்லாவற்றையும் சொன்னாள். நடந்ததை, சப்பாத்துக் கயிற்றை, தர்சிகா பழியைத் தன் தலையில் போட்டுக்கொண்டதை, காலையில் மெடத்தோடு கதைத்ததை.

"கடல் பக்கம் எண்டு நடந்தியா?" முஸ்தாக்குக்குச் சிரிப்பு வெடித்துவிட்டது. அடக்க முடியாத சிரிப்பு. தங்கையின் முகத்தைப் பார்த்ததும் பாதியில் நின்றது. "நாங்கதானே ஒன்ன அப்பிடிப் பழக்கின," என்றான். பிறகு, "போஸ்ட்ட அழிச்சிடுறன், தா," என்று கையை நீட்டினான்.

"அழிச்சா, எழுதினது உண்மை, பயத்தில அழிச்சிட்டான் எண்டுதான் சொல்லுவாங்க. கீழ எழுதணும்." அவளே எழுதினாள், தன் பெயரைப் போட்டு. பிழை என்னுடையது, எப்படி என்றால் இப்படி என்று ஒன்றும் விடாமல். ஊர் இனி எத்தனை வருடம் இதைச் சொல்லிச் சிரிக்கப்போகிறதோ! எழுதி முடித்துப் போனைக் காக்காவிடம் கொடுத்தாள்.

உம்மா குசினிக் கதவில் நின்று எல்லாவற்றையும் கேட்டுக்கொண்டிருந்தார். ஆகிலா அவரிடம் போனாள்.

"உம்மா, நான் சொல்லாம இருந்திருக்கலாம்தானே?"

நீ செய்ததுதான் சரி மகள், அல்லாஹ் அதைவிட நல்லதைத் தருவான் என்று சொல்ல றினோஸாவுக்குத் தெரியாமலில்லை. வேறு யாராவது பிள்ளை கேட்டிருந்தால் அதைத்தான் சொல்லியிருப்பார். தன் பிள்ளையின் முகத்தைப் பார்த்துக்கொண்டு அதைச் சொல்ல வரவில்லை.

"ஓம் மகள்," என்றார். "இருந்திருக்கலாம்."

ஆகிலா உம்மாவின் தோளில் முகத்தைப் புதைத்துக்கொண்டு, "எனக்குப் போகணும் உம்மா, எனக்குத்தான் போகணும்," என்று வீடு முழுக்கக் கேட்க அழுதாள்.